கரிச்சான் குரலில் பூத்த கண்வலி

ஐப்பசி ஒன்பதாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு ஊஞ்சவலசில் துளசிமணியின் தோட்டத்துக் கண்வலிப் பூக்கள் பாட ஆரம்பித்தன. அன்று ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை; பால் வண்டி வழக்கம்போலக் கால் மணி நேரம் பிந்தி வந்தது, தண்ணீர்த் தொட்டிக்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தார், மேற்கே தாராபுரத்துப் பக்கம் மேகம் கட்டிப் பெய்யாமல் கலைந்தது.

கண்வலி என்பது செங்காந்தள். புத்தகத்தில் அப்படி இருக்கும், காட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆடியில் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே விரலாக வளைத்துக் கம்பியைப் பிடித்து ஏறி, ஐப்பசியில் பச்சையாய்ப் பூத்து, மஞ்சளாய் மாறி, கடைசியில் நெருப்பாய்ச் சிவக்கும் கொடி அது. விதை மருந்துக்குப் போகிறது. கிழங்கு விஷம், பிள்ளைகளை அண்டவிட மாட்டார்கள். பூவின் உள்ளே சூல்தண்டு நேராக நில்லாமல் பக்கவாட்டில் வளைந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என்பதால் மகரந்தம் தானாக அதில் சேராது. ஆகவே பூக்கும் காலம் முழுவதும் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் பெண்கள் வரிசை வரிசையாக, சால் சாலாக நடந்து ஒவ்வொரு பூவுக்கும் கையால் தடவிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்குத் தடவ வந்த ஒன்பது பெண்களும் முதலில் அதைக் குருவி என்றுதான் நினைத்தார்கள். குண்டுக்கரிச்சான் குரல் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. கருப்பும் வெள்ளையுமாய், வாலை நிமிர்த்திக்கொண்டு, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மோட்டார் கம்பத்திலும் வேப்ப உச்சியிலும் உட்கார்ந்து பாடும் குருவி. ஆனால் ஐப்பசியில் அது பாடாது. அவர்களில் மாராத்தாள்தான் தன் கையிலிருந்த பூவைக் காதருகே கொண்டுபோய், "இதுதானுங்க" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு சாலிலிருந்து அடுத்த சாலுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு, பாட்டு ஏறிப் போயிற்று. மூன்று முறை மேலே ஏறும். நான்காவது முறை பாதியில் நிற்கும். யாரோ பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல ஒரு மூச்சு நேரம் காத்திருக்கும். பதில் வராது என்று தெரிந்ததும் கீழேயிருந்து மறுபடி தொடங்கும்.

பெண்கள் எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். வரப்பில் நின்றிருந்த துளசிமணி மட்டும் தரையைப் பார்த்தாள். அந்தப் பாட்டு அவளுக்குத் தெரியும். பொதுவாகக் கரிச்சான் பாடுவது இல்லை அது. வைகாசி மாதம் மூன்று நாள், ஒரே ஒரு ஆண் குருவி, ஒரே ஒரு சுவரைப் பார்த்துப் பாடியது.

துளசிமணிக்கு ஐம்பது வயது. புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. இரண்டு ஏக்கரையும் ஒரு கிணற்றையும் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்த்து, மகள் பிரவீணாவைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்தவள். யார் வீட்டு விசேஷத்துக்கும் பிந்திப் போகாதவள், யாரிடமும் வாய் நீட்டாதவள் என்று பேர். வைகாசியில் பெருந்துறையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வருகிறவர்கள் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். கிணற்றடி மோட்டார் ரூம் சுவர் பெயர்ந்து கிடந்தது. பார்ப்பவர்கள் ஆம்பளை இல்லாத தோட்டம் என்று நினைப்பார்களே என்று அவளுக்கு இருந்தது. ராக்கியண்ணன் கொத்தனாரை வரச் சொல்லிப் பூசி வெள்ளையடிக்கச் சொன்னாள்.

சுவரில் ஒரு செங்கல் விழுந்த பொந்து இருந்தது. கொத்தனார் கரணையில் கலவையை எடுத்துக்கொண்டு போனவர் நின்றார்.

"உள்ள குஞ்சு கெடக்குதுங்க அம்மிணி. கரிச்சான் குஞ்சு. நாலு இருக்கும்."

"அதுக்கு?"

"ஒரு பத்து நாள் உட்டாப் பறந்துருமுங்க."

"நாளன்னைக்கு அவங்க வர்றாங்களே. பத்து நாளைக்கு எங்க போறது. பூசிருங்க."

அவர் பூசவில்லை. கலவை கரணையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாரோ, சொல்லாமல் போய்விடுவாள் என்று காத்திருந்தாரோ தெரியாது. குஞ்சுகளை எடுத்து வேறு எங்காவது வைக்கலாமே என்ற நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை, வந்தது. வந்த நினைப்பை, நேரமில்லை, வெள்ளை காய வேண்டும், மத்தியானத்துக்குள் கொத்தனார் போயாக வேண்டும் என்று அவளே ஒதுக்கித் தள்ளினாள். கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இரண்டாவது தடவை சொன்னாள்.

"பூசிருங்கன்னு சொன்னேன்."

பின்னாளில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தபோதெல்லாம், முதல் தடவை சொன்னதைக் கூட அவசரத்தில் வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வாயில் புழுவோடு வந்த ஆண் குருவி ஈரச் சுவரைக் கண்டது. புழுவைக் கீழே போட்டுவிட்டுக் கம்பத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. முதல் நாள் பாடியது. இரண்டாம் நாளும் பாடியது. மூன்றாம் நாள் பெருந்துறைக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கிணற்றடியில் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்ன அழகாப் பாடுது பாருங்க, நம்ம நல்ல காரியத்துக்கு வந்து சகுனம் சொல்லுது" என்று சொல்லி, அந்த இடத்திலேயே சரி என்றாள். துளசிமணி சிரித்தாள். எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். சாயங்காலம் பாட்டு நின்றுவிட்டது. ஆவணியில் பிரவீணாவுக்குக் கல்யாணம் நடந்தது.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது, துளசிமணி காட்டில் பூ பாடுகிறது என்பதுதான். முதல் வாரம் உள்ளூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், இரண்டாவது வாரம் மூலனூரிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் வந்தார்கள், மூன்றாவது வாரத்தில் பேருந்து ஓட்டுநர் கேட்காமலேயே தோட்டத்து முக்கில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றி வரப்போரம் விட்டுவிட்டுக் கைகட்டி நின்று கேட்டார்கள். காது மந்தமானவர்களைக் கூட்டி வந்தார்கள். பேச்சு வராத ஒரு குழந்தையை அதன் தகப்பன் தோளில் தூக்கி வந்து மூன்று நாள் நின்றான். ஒரு நாயனக்காரர் வந்து சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு ஊதாமலே ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, நான்காவது அடியில் அது நிற்கிற இடத்தில் ஸ்வரம் எதுவும் இல்லை, அங்கே வேறு எதுவோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் காலையில் மோட்டார் போடுவதை நிறுத்திக்கொண்டார்கள், சத்தம் பாட்டை மறைக்கிறது என்று. மத்தியானத்துக்கு மேல்தான் ஊஞ்சவலசில் தண்ணீர் பாய்ந்தது, அது யாருக்கும் சிரமமாகவும் இல்லை.

சிரமம் வந்தது வேறு விதத்தில். விவசாயத் துறையிலிருந்து வந்த அலுவலர் பெண், கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். அதில் பறவை என்று ஒரு கட்டமும் தாவரம் என்று ஒரு கட்டமும் இருந்தன, இரண்டில் ஒன்றில் குறி போட்டாக வேண்டும். அதை ஒட்டிக் கன்னிமார் கோயில் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டமே நடந்தது. அறிவியல் வாத்தியார் எழுந்து, கரிச்சானுக்கு இறகு, கண்வலிக்கு இதழ், அது முட்டையிடும், இது விதை தரும், அது பறக்கும், இது பிடித்து ஏறும், ஆகையால் இரண்டும் வேறு என்று வகுப்பில் எழுதிப்போடுகிற மாதிரி சொன்னார். கோயில் பொறுப்பில் இருக்கும் செம்பண்ணன் பெரியவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்றது சரிதானுங்க வாத்தியாரே. ஆனா பாருங்க, கரிச்சான் பாடற மாசத்துல கண்வலி மண்ணுக்குள்ள தூங்கும். கண்வலி எந்திரிச்சுப் பூக்கற மாசத்துல கரிச்சான் வாயைத் தொறக்காது. ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டதே இல்ல. ஒரே உசுரு மாறி மாறி முழிச்சிருக்குதோ என்னமோ, ஆரு கண்டா."

"அப்ப கோடையில பாடின பாட்டு மழைக்காலத்துல எங்க போகுதுன்னு நாம இதுவரைக்கும் கேக்கவே இல்லீங்களே" என்று தண்ணீர்த் தொட்டிக்காரர் சொன்னார். கூட்டம் அதை யோசித்தது. மண்ணுக்குள் போகும், வேறு எங்கே போகும், என்று ஒருவர் சொல்ல, அதுவே முடிவாகிவிட்டது. அலுவலர் பெண் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் குறி போட்டுக்கொண்டு போனாள்.

துளசிமணி கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பாட்டு மண்ணுக்குள் போயிற்று, எந்தச் சுவரோரம் போயிற்று என்று அவளுக்குத் தெரியும். மோட்டார் ரூமுக்கு அடுத்த சாலில்தான் முதல் பூ பாடியது. வருகிறவர்கள் அவளைக் கும்பிட்டார்கள். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத பெண்கள் அவள் கையால் விபூதி வாங்கிக்கொண்டார்கள். "புண்ணியம் பண்ணின மகராசி" என்று முகம் தெரியாத ஒரு கிழவி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தபோது, அந்த விரல்கள் தொட்ட இடம் நாள் முழுக்க எரிந்தது. பிரவீணா போனில், "எங்க அத்தை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படறாங்கம்மா, அன்னைக்கே சகுனம் சொல்லுச்சுன்னு" என்றாள். சரி கண்ணு என்று மட்டும் சொல்லி வைத்தாள். கண்ணாடி பார்த்துத் திருநீறு பூசுவதை நிறுத்திவிட்டாள், கைத்தடவலாகவே பூசிக்கொண்டாள்.

ராக்கியண்ணன் ஒரு நாள் வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார். மூன்று ஏற்றமும் ஒரு நிறுத்தமும் கேட்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். துளசிமணி வேலியருகே போனாள்.

"உள்ள வாங்க."

"வேண்டாமுங்க. பூசின கை என்னுதுங்க." சுருட்டிய துண்டைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "அதுக்கப்புறம் நான் கட்டற செவுத்துலயெல்லாம் ஒரு கல்லு வைக்காம உட்டுட்டுத்தான் வாரேன். வீட்டுக்காரங்க திட்டறாங்க. ஏன்னு கேக்கறாங்க. சொல்லத் தெரியலீங்க."

"நான்தானே சொன்னேன்."

"ஆமாங்க" என்றார். இல்லையென்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அது அவளுக்கு ஒரு வகையில் நன்றாகவே இருந்தது.

கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை கன்னிமார் பொங்கலில் அவளுக்குப் பரிவட்டம் கட்டுவதென்று ஊர் முடிவெடுத்தது. பொம்பளைக்குப் பரிவட்டம் அந்தக் கோயிலில் அதுவரை நடந்ததில்லை. வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உச்சிப் பூசை முடிந்து மைக்கில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள். பட்டுத் துணியோடு செம்பண்ணன் பெரியவர் நின்றார். துளசிமணி தலையைக் குனியாமல் மைக்கைக் கையில் வாங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், பொந்து, நாலு குஞ்சு, பெண் பார்க்க வந்தவர்கள், மூன்று நாள் பாட்டு, மோர் கொடுத்தது. இரண்டு தடவை சொன்னதையும் சொன்னாள். "இது புண்ணியமில்லீங்க. அந்தக் குருவி கேக்குது. எம் புள்ளைங்க எங்கன்னு கேக்குது. நீங்க அதைக் கும்பிட்டுக்கிட்டிருக்கறீங்க." கல்லெடுத்து எறிவார்கள் என்று நினைத்திருந்தாள். எறிந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள்.

பிறகு செம்பண்ணன் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா. ஒரு குருவிக் குஞ்சுக்காக ஊர் முன்னால நின்னு கண்ணு கலங்கற மனசு. நம்ம வீட்டுலயெல்லாம் எத்தனை கூட்டைக் கலைச்சிருக்கோம், ஒரு நாள் நெனைச்சிருப்பமா. இந்த மனசுக்குத்தான் அந்தப் பாட்டு வந்திருக்குது."

ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பரிவட்டம் அவள் தலையில் ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் கதை திரிந்து, துளசிமணி பொந்தில் கிடந்த குஞ்சுகளுக்காக மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள் என்று ஆகிவிட்டது. பெருந்துறைச் சம்பந்தியம்மாள் போன் செய்து, "இதுக்குப் போயி இத்தனை வருத்தப்படுவாங்களா, குருவிதானுங்க" என்றாள். சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டதாகத் துளசிமணி நினைத்திருந்தாள். இப்போது அதுவும் அவள் தலையில் ஒரு பூவாக வைக்கப்பட்டுவிட்டது. கீழே இறங்கவே விட மாட்டார்கள் போலிருந்தது.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனாள். ஒன்பது பெண்களும் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் பொங்கலுக்குக் கோயிலுக்குள் வருகிறவர்கள் இல்லை. கோயிலுக்கு வெளியே நின்றால் மைக் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அங்கிருந்து கேட்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. மாராத்தாள் இருந்த சாலுக்குப் போய் நின்றாள். மாராத்தாள் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அந்தக் காட்டில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறவள்.

"மாராத்தா, நேத்து நான் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"நீ என்ன நெனைக்கறே?"

மாராத்தாள் கையிலிருந்த பூவை விட்டுவிட்டு அடுத்த பூவைப் பிடித்தாள். "எங்களுக்கு மொத நாளே தெரியுமுங்க. வைகாசியில நாங்கதானே அங்க களை பறிச்சுக்கிட்டிருந்தோம். அந்த மூணு நாளும் கேட்டோமில்லீங்க. பூ பாடினதும் இது அந்தப் பாட்டுன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஒரு மாசமா ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா?"

சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று துளசிமணிக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து மாராத்தாள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று வேறு யாரிடமாவது சொல்லியனுப்பியிருப்பாள். அதை மாராத்தாளும் அறிந்திருந்தாள்; ஒன்பது பேரும் அறிந்திருந்தார்கள். அறிந்துகொண்டே தினமும் காலையில் வந்து, அந்தக் கேள்வியின் நடுவில் நடந்து, ஒவ்வொரு பூவையும் தடவிக் கொடுத்து, பத்து மணிக்கு அவள் ஊற்றுகிற தேநீரைத் தங்களுக்கென்று தனியாக வைத்திருக்கிற டம்ளர்களில் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த டம்ளர்கள் மோட்டார் ரூம் மாடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை அவள் பார்த்தாள். ஊர் முன்னால் மைக்கில் அவள் சொன்னது ஒரு சுவரைப் பற்றி மட்டும்தான்.

"ஒரு சால் எனக்கு உடு. நான் தடவறேன்" என்றாள்.

ஆறு வருஷத்தில் அவள் வரப்பில் நின்றிருக்கிறாளே தவிரப் பூவைத் தொட்டதில்லை. மாராத்தாள் மோட்டார் ரூம் பக்கம் கையைக் காட்டினாள். "செவுத்தோரச் சால் இன்னும் தொடலீங்க" என்றாள்.

துளசிமணி முதல் பூவைத் தொட்டதும் அது நின்றுவிட்டது. கை பட்ட கணத்தில் பாட்டு அறுந்தது. இரண்டாவது பூவும் அப்படியே. மாராத்தாள் தொட்ட பூக்கள் விடாமல் பாடிக்கொண்டிருந்தன, மற்ற எட்டுப் பேர் தொட்டவையும் பாடின. இவள் சாலில் மட்டும், ஒவ்வொரு பூவாக, விளக்கை அணைத்துக்கொண்டு போவதுபோல மௌனம் அவள் பின்னாலேயே நடந்து வந்தது. பெண்கள் பார்த்தார்கள். வரப்பில் கைகட்டி நின்றிருந்த வெளியூர்க்காரர்களும் பார்த்தார்கள். கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம்போல இருந்தது. அவள் சாலின் கடைசி வரைக்கும் போனாள். அன்று பத்து மணிக்கு மாடத்திலிருந்த டம்ளர்களை எடுக்கவில்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து பத்து டம்ளர் கொண்டுவந்து ஊற்றி, அவர்களோடு வேப்ப நிழலில் மண்ணில் உட்கார்ந்து குடித்தாள். ஒருத்தி மட்டும் டம்ளரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

அந்தச் சாலில் அவள் தொட்ட பூ எதுவும் பிறகு பாடவே இல்லை. ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தது. அம்மிணி தொட்டதும் பூவின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று செம்பண்ணன் பெரியவர் சொன்னார். வருகிறவர்கள் அதைச் சொல்லிக் கும்பிட வந்தால், துளசிமணி நிமிர்ந்து, "துக்கம் தீரலீங்க. எங்கிட்டப் பாடப் புடிக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். கேட்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்வாள், இரண்டாவது தடவை சொன்னதை விடாமல் சொல்வாள். சிலர் நகர்ந்து போனார்கள். சிலர் அவளிடம் விபூதி கேட்பதை நிறுத்தினார்கள். கூட்டம் மெல்ல மெல்ல மற்றச் சால்களின் பக்கம் போயிற்று, அவள் பக்கம் வரப்பு காலியாயிற்று.

மார்கழி தொடக்கத்தில் வெள்ளகோயிலிலிருந்து வந்த ஒரு பெண் அவளிடம் கேட்டாள். "தொட்டா நின்னு போகுதுன்னு தெரியுது. அப்பறம் எதுக்குங்க தெனமும் தொடறீங்க?"

"தடவாட்டிக் காய் புடிக்காதுங்க" என்றாள் துளசிமணி.

மற்றவர்கள் பத்து மணிக்கே தங்கள் சால்களை முடித்துவிடுவார்கள். அவளுக்கு மத்தியானம் ஆகிவிடும். அன்றன்று புதிதாய் விரிந்த பூவின் முன்னால் போய்க் கையை நீட்டாமல் நிற்பாள். அது மூன்று முறை ஏறி, நான்காவதில் நின்று, காத்திருந்து, மறுபடி கீழேயிருந்து தொடங்கி முடிகிற வரைக்கும், வெயில் உச்சந்தலையில் இறங்க, முழுசாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தொடுவாள்.